மூச்சுப் பாதையின் குடிமராமத்து

காவிரியின் வடகரையில் வாழை பயிரிடும் உழவருக்கு வாய்க்காலின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தலைமதகில் நீர் எவ்வளவு நிறைவாகப் புறப்பட்டாலும், ஓராண்டு தூர் வாராமல் விட்டுவிட்டால் வண்டல் படியும். புல்லும் பூண்டும் மண்டும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமற் போகும். இதனை அறிந்தே நம் முன்னோர், ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைப் பழுது பார்த்துக்கொள்ளும் குடிமராமத்து முறையைக் கைக்கொண்டனர்.

நம் ஒவ்வொருவருடைய மார்பினுள்ளும் இத்தகைய வாய்க்கால் ஒன்று உண்டு. அதில் ஓடுவது நீரன்று, காற்று. அக்காற்றோடு மண்ணும் புகையும் பஞ்சும் கிருமியும் வந்துகொண்டேயிருக்கின்றன. ஆயினும் அறுபது எழுபது ஆண்டுகள் அந்த வாய்க்கால் அடைபடாமல் இருக்கிறது. அதனை அல்லும் பகலும் தூர் வாருவோர் யாவர்? கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மயிர்கள்! விஞ்ஞானிகள் இவற்றைச் சிலியா என்பர். தமிழில் குறு இழைகள் என்று வழங்கலாம். இவற்றின் வேலையையும், இவற்றுக்கு நாமே அறியாமல் இழைக்கும் தீங்கையும், அத்தீங்கைத் தவிர்க்கும் வழிகளையும் இப்பாடத்திற் காண்போம்.

இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. தொட்டியம், முசிறி வட்டாரங்களில் மணமேடு முதலிய ஊர்களில் தறி நெய்வோர் பஞ்சுத் துகளிடையே வாழ்கின்றனர். வாழையும் வெற்றிலையும் நெல்லும் கோரையும் பயிரிடுவோர் புழுதியிலும் சருகுப் புகையிலும் உழைக்கின்றனர். இவ்விரு குடும்பங்களிலும் விறகடுப்பின் முன் அமரும் பெண்மக்கள் உளர். ஆக, குறு இழைகளை நம்பி வாழ்வோரில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நாமே.

காற்று செல்லும் வழி

நாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. இக்கணக்கின்படி ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்று நம் மார்பினுள் போய் வருகிறது. உடலை வருத்தி உழைக்கும்போது இவ்வளவு மேலும் பன்மடங்காகும். நாள் முழுதும் நாம் உண்ணும் உணவையும் பருகும் நீரையும் கழுவியும் காய்ச்சியும் தூய்மை செய்கிறோம்; இத்தனை காற்றையோ வந்தபடியே ஏற்றுக்கொள்கிறோம்.

மூக்கின் வழியே புகும் காற்று தொண்டையையும் குரல்வளையையும் கடந்து மூச்சுக்குழலை அடைகிறது. சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிகிறது. தலைவாய்க்கால் கிளைவாய்க்காலாகவும், கிளைவாய்க்கால் வயல்வாய்க்காலாகவும் பிரிவதுபோல, இக்குழல்கள் மேலும் மேலும் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 23 முறை கிளைத்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. இந்நுண்ணறைகள் பல கோடி. இங்கேதான் பிராணவாயு இரத்தத்திற் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே இந்நுண்ணறைகளே நம் கடைமடை. இங்கே தூய காற்று எட்டினால்தான் உடலென்னும் பயிர் தழைக்கும்.

மூவகைக் காவல்

இக்கடைமடையைக் காக்க இயற்கை மூன்று காவல்களை அமைத்துள்ளது.

முதற்காவல் மூக்கு. அதன் முன்பகுதியிலுள்ள மயிர்களும், வளைந்து செல்லும் ஈரமான சுவர்களும் பெருந்துகள்களைத் தடுத்துவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களிற் பெரும்பாலானவை மூக்கிலேயே தங்கிவிடும். வறண்ட காற்றுக்கு ஈரமூட்டி, குளிர்ந்த காற்றை வெதுவெதுப்பாக்கி அனுப்புவதும் மூக்கின் பணியே. வாயால் மூச்சு விடுவோர் இக்காவலை முற்றிலும் இழக்கின்றனர்.

இரண்டாங்காவல் மூச்சுக்குழல்களின் உட்சுவர். 10 மைக்ரானுக்கும் 2 மைக்ரானுக்கும் இடைப்பட்ட துகள்கள் பெரும்பாலும் இங்கே படிகின்றன. இவற்றை அப்புறப்படுத்துவதே குறு இழைகளின் கடமை.

மூன்றாங்காவல் நுண்ணறைகளில் திரியும் விழுங்கு செல்கள். முதல் இரண்டு காவல்களையும் ஏமாற்றி உட்புகுந்த மிகச் சிறிய துகள்களையும் கிருமிகளையும் இவை விழுங்கி அழிக்க முயல்கின்றன. நுண்ணறைகளில் குறு இழைகள் இல்லை. அங்கு சேர்ந்த அழுக்கை வெளியேற்றுவது மிகவும் மெதுவான வேலை. ஆகவே அழுக்கு கடைமடைக்குப் போகுமுன் வழியிலேயே தடுக்கப்படுவது இன்றியமையாதது.

துணி வணிகர் கண்ட புதுமை

குறு இழைகளை உலகிற்கு முதலில் அறிவித்தவர் துணித் தொழிலைச் சேர்ந்த ஒருவர் என்பது நெசவாளர்க்கு மகிழ்ச்சி தரும். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த ஆண்டனி வான் லேவன்ஹூக் என்பார் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நீர்த்துளிகளை ஆராய்ந்தார். 1670களில், அந்நீரில் நீந்திய நுண்ணுயிர்களின் மேல் மெல்லிய கால்கள் போன்றவை அசைவதைக் கண்டு எழுதிவைத்தார். அவையே குறு இழைகள். பின்னர் 1834இல் புர்க்கின்யே, வாலன்டின் என்னும் இரு விஞ்ஞானிகள், இத்தகைய இழைகள் முதுகெலும்புள்ள விலங்குகளின் உட்பரப்பிலும் அசைந்துகொண்டிருப்பதை வெளிப்படுத்தினர்.

ஒரு குறு இழையின் நீளம் ஏறத்தாழ 6 அல்லது 7 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிட இது பத்து மடங்கு சிறியது. மூச்சுக்குழலின் உட்பரப்பிலுள்ள ஒவ்வோர் இழைச் செல்லின் தலையிலும் இவை சுமார் இருநூறு அடர்ந்து நிற்கின்றன. இவற்றிடையே கோப்பை வடிவான வேறு செல்களும் உண்டு. அவை சளியைச் சுரக்கின்றன. சளி என்றதும் முகஞ்சுளிப்பது நம் வழக்கம். ஆனால் நோயற்ற உடலிற் சுரக்கும் மெல்லிய சளிப்படலம் ஓர் அரிய காவற்பொருள். பறக்கும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

துடுப்புப் போடும் இழைகள்

காவிரியில் பரிசல் செலுத்துவோரைக் கண்டிருக்கிறோம். துடுப்பை நீரில் ஆழ அழுத்தி வலித்தபின், அதே வேகத்தில் நீருக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்தால் பரிசல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே வலிக்கும்போது வன்மையும், மீட்கும்போது மென்மையும் வேண்டும். குறு இழைகள் செய்வதும் இதுவே.

இழைகளைச் சுற்றி நீர்த்த திரவம் ஒன்று உள்ளது. அதன்மேல் பிசுபிசுப்பான சளிப்படலம் மிதக்கிறது. இழை நிமிர்ந்து நின்று, தன் நுனியால் மேற்படலத்தைத் தொட்டு முன்னோக்கித் தள்ளும். தள்ளியதும் வளைந்து, குனிந்து, அடியிலுள்ள நீர்த்த திரவத்தின் வழியாகப் பழைய நிலைக்கு மீளும். இவ்வாறு நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அசைகிறது. இவ்வசைவு நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதன்று, உறக்கத்திலும் நிற்பதன்று.

இதனினும் வியப்புக்குரியது அவற்றின் ஒற்றுமை. இழைகள் யாவும் ஒரே நொடியில் அசைவதில்லை, தாறுமாறாகவும் அசைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல அலையலையாக அசைகின்றன. தனி இழை ஒன்று எவ்வளவு முயன்றாலும் ஒரு தூசியைக்கூட நகர்த்த இயலாது. கோடிக்கணக்கான இழைகள் ஒரே திசையில் முறையாக உழைப்பதால் சளிப்படலம் முழுவதும் ஒரு கம்பளம்போல நகர்கிறது. ஒருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகும் என்பதற்கு, கூட்டுறவாளர்களாகிய நாம் இதனினும் சிறந்த சான்றைத் தேட வேண்டியதில்லை.

மூச்சுக்குழலில் இப்படலம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர் வரை மேல்நோக்கி நகர்கிறது. ஆழ்ந்த கிளைகளில் வேகம் குறைவு. அங்கே படிந்த தூசி வெளியேறப் பல மணி நேரம் ஆகும். தொண்டையை அடைந்த சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். அதிலுள்ள கிருமிகளிற் பல வயிற்றின் அமிலத்தில் மடிகின்றன. மூக்கிலுள்ள இழைகள் பின்னோக்கித் தள்ளுகின்றன. மார்பிலுள்ளவை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இரண்டும் தொண்டையில் வந்து கூடுகின்றன.

இவ்வேலை ஒழுங்காக நடைபெறுகிறதா என்று அறிய மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்று செய்வதுண்டு. மூக்கினுள் குறித்த இடத்தில் சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்து, நோயாளியை அமைதியாக அமர்த்துவர். இழைகள் அதனைப் பின்னோக்கிக் கொண்டுசெல்லும். இயல்பான உடலினர்க்குப் பெரும்பாலும் 20 நிமிடத்திற்குள் தொண்டையில் இனிப்பு தோன்றும். அரை மணி கடந்தும் இனிக்கவில்லையெனில், இழைகள் தளர்ந்துள்ளன என்று ஐயுறுவர்.

இழைகள் பிறவியிலேயே அசையாவிடில்

இத்துணைச் சிறிய இழைகள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு இயற்கையே விடை தந்துள்ளது. 1933இல் சுவிட்சர்லாந்தில் கார்டகெனர் என்னும் மருத்துவர், தீராத மூக்கடைப்பும் ஓயாத மார்புச்சளியும் உடைய சில நோயாளிகளை விவரித்தார். அவர்களுக்கு இதயம் வலப்புறம் அமைந்திருந்தது! இவற்றுக்குள்ள தொடர்பு நெடுநாள் விளங்கவில்லை. 1976இல் சுவீடனைச் சேர்ந்த ஆஃப்சீலியஸ் என்பார் எலக்ட்ரான் நுண்நோக்கியின் உதவியால் காரணத்தை விளக்கினார். குறு இழையினுள் அதனை வளைக்கும் புரதக் கைகள் உண்டு. அந்நோயாளிகளிடம் அவை அமையவில்லை; ஆதலால் இழைகள் அசையவில்லை. கருவில் உறுப்புகள் இடம் வலம் அறிந்து அமைவதற்கும் ஒருவகைக் குறு இழையின் அசைவு தேவை. அது இல்லாத கருக்களில் ஏறத்தாழப் பாதியில் உறுப்புகள் இடம் மாறிவிடுகின்றன.

இக்குறை மிக அரியது. பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே வகைக் குறை வந்து சேர்ந்தால்தான் தோன்றும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அவ்வாய்ப்புச் சற்று மிகும். பிறந்தது முதல் மூக்கொழுகலும் சளியிருமலும் நீங்காத குழந்தையை, சளி உடம்பு என்று சொல்லி விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

முதற்பகை புகையிலைப் புகை

நன்றாக அமைந்த இழைகளையும் நாம் கெடுத்துக்கொள்கிறோம். அவற்றின் பகைகளுள் முதலிடம் பெறுவது பீடி, சிகரெட்டுப் புகை. இப்புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் இழைகளின் அசைவைத் தளர்த்துகின்றன. நாள்தோறும் புகைப்பவருடைய மூச்சுக்குழலில் இழைகள் குட்டையாகி, குறைந்து, சிற்சில இடங்களில் அறவே மறைகின்றன. அவ்விடங்களில் இழையற்ற தட்டையான செல்கள் முளைக்கின்றன. அதே வேளையில் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. துப்புரவு செய்வோர் குறைய, குப்பை மிகுந்தால் தெருவின் கதி என்னவாகும்? சளி தேங்குகிறது. அதனை வெளியேற்ற இருமல் ஒன்றே வழியாகிறது. காலையில் எழுந்தவுடன் புகைப்போர் இருமும் இருமல், இழைகள் செய்யத் தவறிய வேலையை உடல் வலிந்து செய்வதேயாகும். ஒரு பீடி குடித்தால்தான் சளி இளகுகிறது என்று சொல்வோர், நோய்க்குக் காரணமானதையே மருந்தென்று மயங்குகின்றனர்.

இதன் விளைவைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து கண்டுள்ளனர். டாக்டர் வி. கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ முதலியோர் சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிச் சிற்றூர்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் வரலாற்றை, உயிருடன் இருந்த சுமார் 35,000 ஆண்களின் வரலாற்றோடு ஒப்பிட்டு, 2003இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். காசநோயால் இறக்கும் அபாயம் புகைப்பவர்க்குப் புகையாதவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அவர்கள் கண்ட முடிவு. மேலைநாடுகளில் புகைப்பவரின் நோய் என்றால் புற்றுநோயே முதலில் நினைவுக்கு வரும். நம் நாட்டிலோ காசமும் அதனோடு கைகோத்து நிற்கிறது. இதற்கு இழைகளின் சிதைவு மட்டுமே காரணமன்று. விழுங்கு செல்களும் புகையால் வலிமை குன்றுகின்றன. இரண்டு காவலும் தளர்ந்த வீட்டில் திருடன் நுழைவது எளிதன்றோ?

பஞ்சுத் தூசி

தறியோடு பிறந்து தறியோடு வளர்ந்தோம், பஞ்சு நம்மை என்ன செய்யும் என்று நெசவாளர் பலர் கூறுவர். பழக்கம் மனத்திற்கு வருமேயன்றி மூச்சுக்குழலுக்கு வருவதில்லை.

1700இல் இத்தாலியின் மோடேனா நகர மருத்துவர் ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய நூலில், சணலும் ஆளியும் சிக்கெடுப்போர் தூசியால் ஓயாது இருமுவதையும் மூச்சுத் திணறுவதையும் குறித்துள்ளார். 1831இல் மான்செஸ்டரில் ஜே. பி. கே என்னும் மருத்துவர் பஞ்சாலைத் தொழிலாளரிடம் இதே துன்பத்தைக் கண்டார். பின்னர் இது பைசினோசிஸ் என்று பெயர் பெற்றது. ஓய்வு நாள் கழித்து மீண்டும் வேலைக்கு வரும் முதல் நாளில் மார்பு இறுகுவதும் மூச்சு முட்டுவதும் இதன் அடையாளம். ஆலைகளில் ஞாயிறு விடுமுறையாதலால், இதனைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் வழங்கினர். முதலில் அந்த ஒரு நாளோடு நின்றுவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்.

இந்நோய்க்குப் பஞ்சிழை மட்டும் காரணமன்று. செடியிலேயே பஞ்சில் ஒட்டிக்கொண்ட நுண்கிருமிகளின் நச்சுப்பொருள் மூச்சுக்குழல்களை வீங்கிச் சுருங்கச் செய்கிறது. பஞ்சு திறக்கும் இடத்திலும் சிக்கெடுக்கும் இடத்திலும் இத்தூசி மிகுதி, நெசவில் குறைவு. ஆகவே கைத்தறி நெய்வோர் யாவரும் பைசினோசிசுக்கு ஆளாவர் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நூல் இழைக்கும்போதும், தார் சுற்றும்போதும், பாவு ஓட்டும்போதும், தறியை உதறித் துடைக்கும்போதும் எழும் துகள் இழைகளின் வேலையைப் பெருக்குகிறது. அதே தறிக்கூடத்தில் ஒருவர் பீடியும் பற்றவைத்தால், வேலையும் பெருகி வேலை செய்வோரும் குறைகின்றனர். தூசியும் புகையும் தனித்தனியே செய்யும் கேட்டைவிட, இரண்டும் சேர்ந்து செய்யும் கேடு பெரிது.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய் அட்டவணையில் பைசினோசிஸ் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஆயினும் இத்தகைய சட்டம் முதலாளி ஒருவரிடம் வேலை செய்வோரை நோக்கி எழுதப்பட்டது. தன் வீட்டில், தன் தறியில், தன் மனைவி மக்களோடு நெய்பவருக்கு முதலாளி யார்? இருமலுக்கு இழப்பீடு கேட்க அவர் யாரிடம் செல்வார்? ஆகவே, நம் தறிக்கூடத்தின் காற்றைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பு நம்மிடமும், நாம் கூடி அமைத்துக்கொண்ட சங்கத்திடமுமே வந்து சேர்கிறது.

அடுப்படியும் களமும்

புகைப்பவர் ஆண்மக்களே என்று எண்ணிப் பெண்களின் மார்பைப் பற்றிக் கவலையற்றிருத்தல் தவறு. காற்றோட்டமற்ற அடுப்படியில் விறகும் சுள்ளியும் வரட்டியும் எரிய, அதன் முன் நாள்தோறும் பல மணி நேரம் இருப்பவள் பீடி தொடாமலே புகை பிடிக்கிறாள். மடியிலுள்ள குழந்தையும் உடன் பிடிக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சமையலறைகளில் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளை வைத்து அளந்து, விறகால் சமைப்போர், எரிவாயுவால் சமைப்போரைவிட மிக அதிகமான நுண்துகளை மூச்சிழுப்பதை 2002இல் வெளியிட்டுள்ளனர். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு பல இல்லங்களுக்கு வந்தது. ஆயினும் உருளையின் விலைக்கு அஞ்சி, அதனை விருந்தினர் வரும் நாளுக்கென்று ஒதுக்கிவைத்து, அன்றாடச் சமையலை விறகிலேயே முடிக்கும் வீடுகள் உண்டு. மருத்துவச் செலவையும் கணக்கிற் சேர்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

உழவர்க்கு வேறு வகைத் தொல்லைகள் உண்டு. கதிரடிக்கும் களத்துத் தூசியில் மண்ணும் உமியும் மட்டுமின்றிப் பூஞ்சை வித்துகளும் பறக்கின்றன. மழையில் நனைந்து முடைநாற்றம் வீசும் வைக்கோலைப் பிரிக்கும்போது எழும் தூசி பின்னும் தீயது. அறுவடை முடிந்த வாழைத்தோட்டத்தில் காய்ந்த சருகைக் கொளுத்துவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அப்புகை கொளுத்தியவரை மட்டும் தாக்குவதில்லை. ஊர் முழுவதும் அதனை மூச்சிழுக்கிறது. மண்ணுக்கு உரமாக வேண்டிய பொருள் மார்புக்கு நஞ்சாகிறது.

கிருமிகளின் தாக்குதல்

சில கிருமிகள் குறு இழைகளையே குறிவைத்துத் தாக்குகின்றன. கக்குவான் கிருமி இழைகளைப் பற்றிக்கொண்டு, நஞ்சைக் கக்கி, இழைச் செல்களை உதிரச் செய்கிறது. குழந்தை மூச்சுத் திணறித் திணறி இருமுவது இதனாலேயே. இன்ஃபுளுயன்சாவும் மூச்சுக்குழலின் இழைச் செல்களை அழிக்கிறது. காய்ச்சல் நின்ற பின்னும் சில வாரங்கள் இருமல் நீடிப்பதற்கும், அக்காலத்தில் வேறு கிருமிகள் புகுந்து நிமோனியா உண்டாவதற்கும் இது ஒரு காரணம். 2020இல் உலகை வருத்திய கொரோனாக் கிருமியும் மூக்கிலுள்ள இழைச் செல்களின் வழியாகவே பெரும்பாலும் நுழைந்தது.

காசநோய்க் கிருமியின் தந்திரம் வேறு. நோயாளி இருமும்போது பறக்கும் திவலைகள் காற்றில் உலர்ந்து, 5 மைக்ரானுக்கும் குறைந்து, நெடுநேரம் மிதக்கின்றன. அவை இழைகளின் எல்லையைக் கடந்து நேரே நுண்ணறைக்குச் செல்ல வல்லவை. ஆகவே எல்லா இருமலும் தூசியால் வந்தது என்று நெசவாளரோ உழவரோ முடிவு கட்டிவிடலாகாது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிச் சோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இச்சோதனையும் மருந்தும் இலவசம். காசம் வந்தவரை ஊரைவிட்டு விலக்கவும் வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்போர் சானடோரியத்தில் இருப்போர்க்கு நிகராகக் குணமடைவதை 1959இல் உலகிற்கு நிலைநாட்டியது. தமிழகம் உலகிற்குத் தந்த இந்த உண்மையைத் தமிழர்களாகிய நாமே மறந்து, நோயை மறைத்து வைத்தல் தகுமோ?

இழந்ததை மீட்க இயலுமா?

இதற்கு விடை ஒரு பாதி ஆறுதலும் ஒரு பாதி எச்சரிக்கையுமாகும். குறு இழைகள் மீண்டும் முளைக்கக் கூடியவை. புகைப்பதை விட்டவருக்குச் சில வாரங்களில் இழைகளின் வேலை சீர்படத் தொடங்குகிறது. சில மாதங்களில் இருமலும் சளியும் நன்கு குறைகின்றன. தொடக்கத்தில் சிலருக்கு இருமல் சற்று மிகுதியாவதுண்டு. விட்டதால்தான் இருமல் வந்தது என்று அஞ்சி மீண்டும் பீடியை எடுத்துவிடலாகாது. அது, நெடுநாள் தேங்கிய வண்டலை வாரத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். நீடித்தால் மருத்துவரைக் காணவேண்டும்.

ஆனால் நுண்ணறைகளின் சுவர் அழிந்துவிட்டால் அது மீண்டும் கட்டப்படுவதில்லை. வாய்க்காலைத் தூர் வாரலாம். ஆற்றோடு போன வயலை மீட்க முடியாது. ஆகவே, இருமல் தொடங்கும் காலமே திருந்தும் காலம். மூச்சுத் திணறும் காலம் வரை காத்திருத்தல் கூடாது.

நாம் செய்யத்தக்கவை

தறிக்கூடத்தில்: எதிரெதிர்ச் சுவர்களில் காற்று புகுந்து வெளியேற வழி விடுக. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க. பாவு ஓட்டும் வேலையைக் கூடியவரை திறந்த வெளியில் செய்க. தறிக்கூடத்தினுள் எவரும் புகை பிடிக்க இடந்தரற்க. துண்டை முகத்திற் சுற்றுவது பெருந்துகளைத் தடுக்குமேயன்றி நுண்துகளைத் தடுக்காது. தூசி மிகுந்த வேலைக்கு, முகத்தோடு நன்கு பொருந்தும் நுண்துகள் தடுக்கும் முகமூடியே ஏற்றது.

களத்திலும் தோட்டத்திலும்: காற்றுக்கு முதுகு காட்டி நின்று வேலை செய்க. மருந்து தெளிப்பதற்கும் இதுவே விதி. பூஞ்சை பிடித்த வைக்கோலை லேசாக நனைத்துப் பிரிக்க. வாழைச் சருகையும் மட்டையையும் கொளுத்தாமல் மட்க வைத்து எருவாக்குக.

வீட்டில்: அடுப்பின் மேல் புகைபோக்கி அமைக்க. அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை அருகில் வைத்திராதீர். குழந்தைகளுக்குக் கக்குவான் தடுப்பூசியை உரிய காலத்தில் தவறாது போடுக. உடலில் நீர் வற்றினால் சளி இறுகி, இழைகள் அதனைத் தள்ள இயலாமல் திணறும். கோடையில் போதிய நீர் பருகுக.

சங்கத்தில்: தனித்தனியே வாங்க இயலாத முகமூடிகளை, நூலும் உரமும் வாங்குவதுபோலச் சங்கம் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். ஆண்டுக்கொரு முறை மார்புப் பரிசோதனை முகாம் நடத்துமாறு சுகாதாரத் துறையினரைக் கேட்கலாம். பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைப்பது 2008 அக்டோபர் 2ஆம் நாள் முதல் தடுக்கப்பட்டுள்ளது. சங்கக் கட்டடத்தினுள் அவ்விதி ஏட்டளவில் நின்றுவிடாமல் நடைமுறைக்கு வரச் செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இம்மூன்றையும் தீர்மானங்களாகக் கொண்டுவர அங்கத்தினர்கள் முன்வர வேண்டும்.

நாம் உறங்கும்போதும் உறங்காது உழைக்கும் குறு இழைகள் நம்மிடம் கூலி கேட்பதில்லை. தாங்க இயலாத சுமையைத் தம்மேல் ஏற்றாதிருத்தல் ஒன்றே அவை வேண்டுவது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. மூச்சுப் பாதையின் மூவகைக் காவல்கள் யாவை? அவற்றுள் குறு இழைகள் இல்லாத இடம் எது?

2. தனி இழையால் ஆகாத வேலை பல இழைகளால் ஆவது எங்ஙனம்?

3. புகைப்பவருக்குக் காலை இருமல் உண்டாவது ஏன்?

4. இருமல் எத்தனை நாள் நீடித்தால் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும்? அதனைத் தூசியிருமல் என்று விட்டுவிடுவதால் வரும் கேடு என்ன?

5. உங்கள் தறிக்கூடத்தில், களத்தில், அடுப்படியில் இம்மாதமே செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றம் ஒன்றைக் கூறுக.